விரலுக்கு நழுவும் கட்டி

வடசென்னையில் வளர்ந்தவர்கள் சட்டையில்லாத உடம்புகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள். காசிமேட்டில் வலை இழுத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், தண்டையார்பேட்டைப் பட்டறைகளில் இரும்பு அடித்தவர்கள், எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தேடியவர்கள் என்று எங்கள் தலைமுறையின் நினைவில் நிற்கும் ஆண்களில் பாதிப்பேர் லுங்கியை மடித்துக் கட்டிய வெற்றுடம்பினர். அந்த உடம்புகளில் கட்டிகள் இருந்தன. முன்கையில் ஒன்று, முதுகில் ஒன்று, தோள்பட்டைக்குப் பின்னால் ஒன்று. யாரும் அவற்றை மறைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளாக இருந்து யாராவது கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "அது ஒண்ணுமில்ல, கொழுப்புக் கட்டி. அது பாட்டுக்கு இருக்கும்." அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சிக்கலே அதில்தான். பத்துக்கு ஒன்பது முறை சரியாக வரும் பதிலைப் பத்தாவது முறை யாரும் சோதிப்பதில்லை. "ஒண்ணுமில்ல" என்பது மருத்துவத்தில் மதிப்புள்ள ஒரு முடிவு. ஆனால் அது கை வைத்துப் பார்த்த பிறகு வரவேண்டிய முடிவு. எங்கள் தெருக்களில் அது கை வைப்பதற்கு முன்பே வந்துவிடும். இந்தக் கட்டியைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்பதும், இதை ஒருமுறையாவது தெரிந்த கை தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே பேச்சின் இரண்டு பாதிகள் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் பயப்படத் தேவையில்லாத பாதி. லைப்போமா என்று மருத்துவர்கள் எழுதும் இந்தக் கட்டி, முதிர்ந்த கொழுப்பு அணுக்கள் ஓரிடத்தில் பெருகி, மெல்லிய உறைக்குள் திரண்டு நிற்பது. உள்ளே சீழும் இல்லை, நீரும் இல்லை, கெட்ட ரத்தமும் இல்லை. நுண்நோக்கியில் வைத்தால் தொடையிலோ வயிற்றிலோ இருக்கும் சாதாரணக் கொழுப்புக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம். நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் அதிகம் கண்ணில் படுகிறது. கழுத்து, தோள், முதுகு, கை, தொடை என்று கொழுப்பு இருக்கிற எந்த இடத்திலும் வரும். கல்கத்தா அறுவை மருத்துவர் எஸ். தாஸின் கையேட்டைப் படித்துத் தேறிய நம் மருத்துவர்கள் பலருக்கு, எங்கும் வரும் கட்டி என்ற அதன் பட்டப்பெயர் நினைவில் இருக்கும். பெரும்பாலானவை ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். வளர்ச்சி மாதக் கணக்கில் அல்ல, வருடக் கணக்கில். தனியாக வரும் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் அணுக்களில் குரோமோசோம் மாற்றங்கள் தென்படுகின்றன. பன்னிரண்டாவது குரோமோசோமில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவைச் சுற்றியே அவை அதிகம். சில குடும்பங்களில் தகப்பனுக்கும் மகனுக்கும் உடம்பெங்கும் பத்து இருபது என்று வருவதுண்டு. உடம்பில் கொழுப்பு ஏறியதால் வந்தது, பட்டினி கிடந்தால் கரையும் என்பது இன்றும் உலவும் நம்பிக்கை. கரையாது. ஆள் இளைத்தாலும் கட்டி இளைப்பதில்லை. சுற்றியுள்ள கொழுப்பு வற்றுவதால் முன்னைவிடத் துருத்திக்கொண்டுதான் தெரியும். ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து கிளைத்தது அது. அந்தத் தொட்டியின் முன் வரிசையில் நின்ற எலும்பும் தோலுமான மனிதர் யாருக்காவது முதுகில் இந்தக் கட்டி இருந்திருந்தால், அந்தக் கொழுப்பு அவர் பசிக்கு உதவியிருக்காது.

இதை அடையாளம் காண முதலில் வேண்டியது விரல்தான். தேர்ந்த மருத்துவர் செய்வதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் அதில் அவசரமே இருக்காது. முதலில் மேல்தோலைக் கிள்ளித் தூக்குவார். தோல் கட்டியை விட்டுத் தனியே எழும்ப வேண்டும். பிறகு கட்டியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்துவார். அந்த ஓரம் விரலுக்கு அகப்படாமல் அடியில் நழுவும். நழுவினால் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிட்டது. பிறகு, அடியிலுள்ள தசையை முறுக்கச் சொல்லி மறுபடியும் தொடுவார். தசைக்கு மேலே இருக்கும் கட்டி அப்போதும் அசையும், தசைக்குள் இருப்பது அசையாமல் நின்றுவிடும் அல்லது மறையும். அழுத்தினால் வலி இல்லை, சூடு இல்லை, சிவப்பு இல்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், செலவு இல்லை. ஆனால் இதில் ஒரு வழுக்கலும் இருக்கிறது. உடம்புச் சூட்டில் கொழுப்பு கிட்டத்தட்ட இளகிய நிலையில் இருப்பதால், கட்டி உள்ளே தண்ணீர் நிறைந்ததுபோல விரலுக்குத் தளும்பும். பழுத்த சீழ்க்கட்டி என்று எண்ணி ஊசியால் குத்திப் பார்க்கும் கைகள் எங்கள் பகுதியில் குறைவில்லை. குத்தினால் ஒன்றும் வராது. சுத்தமில்லாத ஊசியின் புண்ணியத்தில் இரண்டு நாள் கழித்து நிஜமாகவே சீழ் வைக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடும் பற்றும் அப்படித்தான். வெறும் வீக்கத்துக்கு அது இதமாக இருக்கலாம், கொழுப்பு உறைக்குள் அதற்கு வழியே இல்லை. சுண்ணாம்பு கூடிப்போனால் மேல்தோல் வெந்துபோகும், கட்டி அப்படியே இருக்கும்.

இனி மறுபாதி. கொழுப்புக் கட்டி என்று பெயர் வைத்து விடப்படுபவை எல்லாம் கொழுப்புக் கட்டிகள் அல்ல. எங்கள் பகுதியின் தொழிலும் நெருக்கடியும் அப்படிப்பட்ட போலிகளுக்கு நல்ல இடம் கொடுக்கின்றன. சரக்குப் பெட்டகங்கள் வந்து ஆள்சுமையைக் குறைப்பதற்கு முன், துறைமுகத்தில் சாக்கு மூட்டை பிடரியிலும் தோளிலும்தான் ஏறி இறங்கியது. ஒரே இடத்தில் ஓயாமல் உராயும்போது தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உடம்பு தானாக ஒரு நீர்ப்பையை உண்டாக்கிக்கொள்ளும். லண்டன் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் கூடை சுமந்தவர்களின் கழுத்தில் எழுந்த இப்படிப்பட்ட வீக்கத்துக்கு அந்தச் சந்தையின் பெயரையே வைத்து அறுவை மருத்துவ நூல்கள் பேசுகின்றன. காசிமேட்டின் பெயரில் அப்படி ஒன்றும் இல்லை. பாடநூல் எங்கே எழுதப்பட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இந்த நீர்ப்பை ஆபத்தில்லாதது, ஆனால் சுமை நின்றால் அடங்கக்கூடியது, கொழுப்புக் கட்டி அப்படி அடங்காது. சுமை தூக்குபவரின் இடுப்பு மடிப்பில் வரும் கட்டி இன்னும் முக்கியமானது. இருமினால் வெளியே வந்து, படுத்தால் உள்ளே போகும் என்றால் அது குடலிறக்கம். அதைக் கொழுப்பு என்று விட்டால், ஒருநாள் உள்ளே போகாமல் இறுகி, குடல் அழுகும் அவசரத்தில் முடியலாம். காலில் கிளிஞ்சலோ துருப்பிடித்த ஆணியோ கிழித்த புண்ணுக்கு அரையில் நெறி கட்டுவது மீன்பிடித் துறையில் அன்றாடக் காட்சி. புண் ஆறினால் அதுவும் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் கேள்வி எழ வேண்டும். முகத்திலும் தலையிலும் வரும் உருண்டைகளில் பல, தோலின் சொந்தக் கழிவு உறைக்குள் அடைபட்ட பைகள். நடுவில் ஒரு கரும்புள்ளி இருக்கும், மேல்தோல் ஒட்டியிருக்கும், அவ்வப்போது பழுக்கும்.

இந்தப் பட்டியலில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இரண்டிடத்தில். ஒன்று காசநோய். கழுத்தில் வலியில்லாமல் வரும் நெறிகட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெத்தென்று ஆகும்போதும், முதுகிலோ விலாவிலோ சூடே இல்லாத சீழ்க்கட்டி திரளும்போதும், தொடும் விரலுக்கு அவை கொழுப்புப் போலத்தான் இருக்கும். வலி இல்லை, சிவப்பு இல்லை, மாதக் கணக்கில் மெல்ல வளர்கிறது. நிரபராதி என்று கொழுப்புக் கட்டிக்கு நாம் தரும் நற்சான்றுகளெல்லாம் இதற்கும் பொருந்திவிடுகின்றன. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் குடியிருப்புகளில் இந்த நோய்க்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், காசநோயாளிக்குச் சானடோரியப் படுக்கை தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து எடுத்துக் குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய ஆய்வு இதே சென்னையில், சேத்துப்பட்டில் நடந்தது. ஆறு மாத மருந்து இன்று இலவசம். ஊசியால் துளி எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும் நோயை, கொழுப்பு என்று விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இரண்டாவது, பெண்கள். மேலே நான் நினைவுகூர்ந்த வெற்றுடம்புகள் எல்லாம் ஆண்களுடையவை. மீன் கூடை சுமந்த பெண்களின் உடம்பில் என்ன இருந்தது என்று தெருவுக்குத் தெரியாது. பல வீடுகளில் புருஷனுக்கும் தெரியாது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் பால் கட்டினது, சதை வளர்ந்தது, கொழுப்பு என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்கள். மார்பிலும் கொழுப்புக் கட்டி வரும், உண்மைதான். ஆனால் மார்பில் எந்தக் கட்டியையும் விரலை மட்டும் நம்பித் தீர்மானிக்கக் கூடாது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கு ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துவருகிறது. ஒரு காலத்தில் கருப்பைவாய்ப் புற்று முதலிடத்தில் இருந்த நகரத்தில் இன்று மார்பகப் புற்றே பெண்களுக்கு முதலாவதாக வருகிறது என்பது அதிலிருந்து தெரியும் செய்தி. வலிக்கவில்லை என்பது மார்பில் நல்ல செய்தியே அல்ல.

இதற்கு வரும் முதல் மறுப்பு கூலியைப் பற்றியது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒன்றுமில்லாத ஒரு கட்டிக்காக எதற்கு ஒருநாள் சம்பளத்தை விடவேண்டும்? காலையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசை, டாக்டரைப் பார்க்க வரிசை, ஸ்கேன் எழுதினால் இன்னொரு நாள், அதன் முடிவை வாங்க மறுநாள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மூன்று நாள் கூலி போனால் அந்த மாத வாடகை தள்ளிப்போகும். இந்தக் கணக்குத் தெரியாமல் "உடனே மருத்துவரை அணுகவும்" என்று எழுதுவது எளிது. என் பதில், எல்லாக் கட்டிக்கும் எல்லா வரிசையும் தேவையில்லை என்பது. தோலுக்கு அடியிலேயே இருந்து, விரலுக்கு நழுவி, ஐந்து வருடமாக அளவு மாறாத சின்னக் கட்டிக்கு ஸ்கேன் கூடத் தேவையில்லை. வேறெதற்காவது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்த டாக்டரிடம் ஒருமுறை காட்டினால் போதும். உடனே வரிசையில் நிற்க வேண்டியவை வேறு. பெரிய எலுமிச்சம்பழம்போல ஐந்து சென்டிமீட்டரை எட்டியது, சில மாதங்களிலேயே கண்ணெதிரே பெருப்பது, தசைக்கு அடியில் ஆழமாக அசையாமல் நிற்பது, புதிதாக வலிக்கத் தொடங்கியது, எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். குழந்தையின் கீழ்முதுகில், நட்ட நடுவில், பிறவியிலிருந்து மெத்தென்று ஒரு மேடு இருந்தால் அது தனி விஷயம். அந்தக் கொழுப்பு முதுகுத்தண்டு வரை வேர்விட்டிருக்கலாம், ஸ்கேன் பார்க்காமல் அதில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. கொழுப்பணுக்களிலிருந்து வரும் புற்று என்று ஒன்று உண்டு, லைப்போசர்கோமா. அது அரிது, மென்திசுக்களில் ஆபத்தில்லாத கட்டிகள் நூறு வந்தால் புற்று ஒன்று என்பது மருத்துவர்களின் தோராய விகிதம். தொடையின் ஆழத்திலும் வயிற்றின் பின்புறத்திலும் அது அதிகம் வருகிறது, பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே புற்றாகத்தான் வருகிறது. முன்கையில் இருபது வருடமாக இருக்கும் கட்டி ஒருநாள் திடீரென்று புற்றாக மாறிவிடும் என்று படுக்கையில் புரளத் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு எண்ணூரிலிருந்து வருகிறது, கோபத்தோடு வருகிறது. "எங்க உடம்புல எது வந்தாலும் ஒண்ணுமில்லன்னு சொல்றதுதானே உங்க வேல?" அந்தக் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து இறாலும் நண்டும் குறைந்துபோனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து கச்சா எண்ணெய் ஓடையில் இறங்கியபோது, மீனவர்களே வாளியும் மக்குமாக வெறுங்கையால் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பமும் சின்னகுப்பமும் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடின. ஒவ்வொரு முறையும் முதலில் வந்த அறிவிப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான். அப்படி ஏமாந்த ஊரில், தோளில் எழும் கட்டிக்கும் அதே வாசகத்தைக் கேட்டால் நம்பிக்கை வராதது இயல்பு. ஆனாலும் புகைக்கும் சாம்பலுக்கும் தோலடிக் கொழுப்புக் கட்டிக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவிய சான்று இல்லை. ஆலையே இல்லாத கிராமத்திலும் இந்தக் கட்டி வருகிறது, அடையாற்றுப் பங்களாவிலும் வருகிறது. இதை நான் ஆலைகளுக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. வழக்கு நிற்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். மூச்சிரைப்பு, கண்ணெரிச்சல், எண்ணெய் அள்ளிய கையில் வந்த தோல் கொப்புளம், அற்றுப்போன மீன்வரத்து என்று ஆவணப்படுத்தக்கூடிய கேடுகள் வரிசையாக இருக்கும்போது, கொழுப்புக் கட்டியையும் அந்த மனுவில் சேர்த்தால், எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். ஒன்று பொய்யானால் மற்றதையும் பொய்யென்று காட்டுவது அவர்களுக்கு எளிது. இன்னொன்றும் உண்டு. எல்லாம் புகையால் வந்தது என்று நம்புகிறவர், புகை ஓய்ந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கழுத்தில் இருக்கும் காசநோய்க் கட்டியையும் காட்டாமல் விடுவார்.

கத்தி பட்டால் புற்றாகிவிடும் என்ற பயம் மூன்றாவது. படித்தவர்களிடமும் இது இருக்கிறது. ஏற்கெனவே முற்றிய புற்றை அறுக்கப் போய், ஆறு மாதத்தில் ஆள் போனதைப் பார்த்த ஊர், காரணத்தைக் கத்தியின் மேல் போட்டுவிட்டது. ஒரு காலத்தில் கத்திக்குப் பயப்பட நியாயமும் இருந்தது. 1821இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் இருந்த ஓர் உருண்டையை ஆஸ்ட்லி கூப்பர் எடுத்தார். அது கொழுப்புக் கட்டிகூட அல்ல, மேலே சொன்ன கழிவுப் பை. அத்தனை சின்ன வேலைக்கு அத்தனை பெரிய மருத்துவர் தயங்கினார், ஏனென்றால் கிருமி எது என்றே தெரியாத அந்த நாளில் புண் சிவந்து விஷமேறி மன்னரே செத்துப்போகலாம். மன்னர் பிழைத்தார், கூப்பருக்குப் பட்டம் கிடைத்தது. இன்று அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை. மைனர் ஓ.டி.யில் கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். எரிவது அந்த ஊசி ஏறும் சில நொடிகள்தான். கட்டியின் மேல் தோலில் நேர்கோடாக ஒரு கீறல். தோல் விலகியதும் மஞ்சளாக, சின்னச் சின்ன மடல்களாக அது தெரிகிறது. மருத்துவர் விரலையோ மழுங்கிய கத்தரியையோ உறையைச் சுற்றி ஓட்டி, இரண்டு பக்கமும் அழுத்துகிறார். உறையோடு முழுசாகப் பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. ரத்தம் அதிகம் இல்லை. மூன்று நாலு தையல், கட்டு, அன்றைக்கே வீடு. எடுத்ததைக் குப்பையில் போடாமல் ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. உறையோடு எடுத்துவிட்டால் அதே இடத்தில் திரும்ப வருவது அபூர்வம். வேறிடத்தில் இன்னொன்று வந்தால், அது புதிது, பழையது "பரவியது" அல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வருகிறது, இப்போது விளம்பரங்களின் துணையோடு. என் பக்கம், வேண்டாம் என்பதே. தழும்பில்லாமல் கத்தி இல்லை. கட்டி இருந்த இடத்தில் நம் தோலுக்குப் புடைத்த தழும்பு வந்து, கட்டியே தேவலை என்று ஆவதும் உண்டு. உடம்பெங்கும் இருபது இருப்பவருக்கு இருபதையும் எடுப்பது அர்த்தமில்லை. தொந்தரவு தருவதை எடுக்கலாம்: சுமைப் பட்டை உராயும் தோளில் இருப்பது, படுத்தால் அழுத்துவது, நரம்பை நெருக்கி விரலை மரக்கச் செய்வது, முகத்தில் இருந்து ஒருவருடைய மனதை அரிப்பது. கடைசியாகச் சொன்னதை ஆடம்பரம் என்று ஒதுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். நெற்றியில் கட்டியோடு பெண் பார்க்கும் சடங்குக்கு உட்கார வேண்டியவர்களைக் கேட்டால் அது ஆடம்பரமா என்று தெரியும். உள்ளங்கையில் இருந்தால் எந்த மேசையிலும் படுத்துவிடக் கூடாது; நரம்பும் நாணும் நெருங்கி ஓடும் இடம் அது. பட்டறைகளிலும் ஆலைகளிலும் நசுங்கிய கைகளைச் சரிசெய்தே பேர்பெற்ற கை அறுவை சிகிச்சைத் துறை ஸ்டான்லியில் இருக்கிறது, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970களில் கட்டியெழுப்பிய அந்தத் துறையைத் தேடி வெளிமாநிலத்தவர் வரும்போது ராயபுரத்துக்காரர் தெருமுனை கிளினிக்கில் உள்ளங்கையைக் கீறிக்கொள்வது அநியாயம். கட்டிகள் பலவாகவும் வலியோடும் வந்தால் அது தனி வகை, அதற்குத் தனி வைத்தியம். கழுத்தையும் தோளையும் சுற்றி இரண்டு பக்கமும் சமமாகக் கொழுப்பு வளையம்போல ஏறினால் குடியைப் பற்றிக் கேட்டாக வேண்டும். 1888இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஓட்டோ மாடெலுங் விவரித்த அந்த நோய் பெரும்பாலும் பல வருடம் மிகையாகக் குடித்த ஆண்களுக்கு வருவது. அங்கே கொழுப்பை எடுப்பதோடு ஈரலையும் பார்க்க வேண்டும்.

ஊர்ப்பேச்சில் வரும் "அது பாட்டுக்கு இருக்கும்" என்ற வாசகத்தை நான் குறைசொல்லவில்லை. ஆலோசனைக் கட்டணம் வாங்கும் இடங்களில் கிடைக்கும் பல வாசகங்களைவிட அது நேர்மையானது, பெரும்பாலும் உண்மையும்கூட. குறை, அதற்கு முன் நடக்க வேண்டிய ஐந்து நிமிடம் நடக்காமல் போவதில். அந்த ஐந்து நிமிடத்தை மக்கள்மேல் மட்டும் சுமத்துவதும் சரியில்லை. 1938இல் மருத்துவக் கல்லூரியாகித் தலைமுறை தலைமுறையாக மருத்துவர்களை உருவாக்கிவரும் ஸ்டான்லி நடந்து போகும் தூரத்தில் இருந்தும், வேலை நேரமும் ஓ.பி. நேரமும் ஒன்றாக இருப்பதால் பலருக்கு அது தொலைவாகவே இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் "உடம்புல எங்கயாவது கட்டி இருக்கா?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டு, இருந்தால் சீட்டு எழுதிக் கொடுத்தால், குறிப்பாகப் பெண்களிடம் தனியாகக் கேட்டால், பாதிச் சிக்கல் வாசலிலேயே தீரும். துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் ஆளெடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் இ.எஸ்.ஐ. அட்டையைக் கையில் கொடுத்து, வருடத்துக்கு ஒரு அரைநாளைக் கூலி பிடிக்காமல் விடட்டும். படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்று குளிக்கும்போது கழுத்து, அக்குள், அரை, பெண்கள் மார்பையும், ஒருமுறை தடவிப் பாருங்கள். பழைய கட்டி இருந்தால் அதன் அளவை ஒரு நூலால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அளந்து அது கூடியிருந்தால், அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லியின் அறுவை சிகிச்சை ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள்.